சிமேக் கட்டளைகள்: டெல்டா மாணவர்கள் கேட்டவை

சி++ நிரல்களைக் கட்டுவதற்கான கோப்புகளை உருவாக்கித் தரும் கருவி சிமேக். சி++ படிக்கும் மாணவர்கள் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இங்கே வரும் ஒற்றைக்கோட்டு ஆப்ஷன்களில் ‘-ஜே’ மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்து. மற்றவை எல்லாம் பெரிய எழுத்து. மாற்றி அடித்தால் வேலை செய்யாது.

கும்பகோணம் மாணவி: ஐயா, திட்டத்தின் கோப்புறைக்குள் நின்று ‘சிமேக் .’ என்று கொடுத்தேன். கோப்புகள் குவிந்துவிட்டன. நான் எழுதியது எது என்றே தெரியவில்லை.

அறுத்த கதிரை உங்கள் தாத்தா வயலிலேயே போட்டு அடித்திருக்க மாட்டார், களத்துக்குக் கொண்டுபோயிருப்பார். இங்கும் அப்படித்தான். ‘சிமேக் -எஸ் . -பி பில்ட்’ என்று கொடுங்கள். ‘-எஸ்’ நீங்கள் எழுதிய மூலம் இருக்கும் இடம், ‘-பி’ உருவாகும் கோப்புகள் போய்ச்சேரும் இடம். 2018இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து இந்த இரண்டும் முறையாக உள்ளன.

அதற்கு முன், மூலக் கோப்புறையில் விழுந்து கிடக்கும் சிமேக்கேஷ் கோப்பையும் (சிமேக் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பு) சிமேக்ஃபைல்ஸ் கோப்புறையையும் நீக்கிவிடுங்கள், அம்மா. அவை இருக்கும்போது பில்ட் கோப்புறைக்குள் போய் ‘சிமேக் ..’ என்று கொடுத்தால், அது மேலே இருக்கும் பழைய இடத்தையே பில்ட் கோப்புறையாக எடுத்துக்கொள்ளும்.

மன்னார்குடி மாணவர்: ‘-டி’ கொடுத்து ஒரு வசதியை அணைத்தேன். மறுநாள் ‘-டி’ இல்லாமல் ஓட்டினேன். இன்னும் அணைந்தே இருக்கிறதே?

தம்பி, இதே சிக்கலில் நான் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இழந்திருக்கிறேன். ‘-டி’ என்பது அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் சொல்லும் சொல் அன்று. கேஷ் கோப்பில் எழுதிவைக்கும் குறிப்பு. நீங்கள் மாற்றும்வரை அது அங்கேயே இருக்கும். கட்டளையிலிருந்து எடுத்துவிட்டதால் கோப்பிலிருந்து போய்விடாது.

முதலில் என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள். ‘சிமேக் -என் -எல்ஹெச் பில்ட்’ எதையும் மாற்றாமல் பட்டியலை விளக்கத்தோடு காட்டும். பிறகு ‘-டி’யில் ‘ஆன்’ என்று கொடுத்து மாற்றலாம். அல்லது ‘-யு’வோடு பெயரைக் கொடுத்து அந்தப் பதிவையே நீக்கலாம்; பெயரில் நட்சத்திரக்குறி போட்டால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கும் நிரல்) அதை வேறாக விரித்துவிடக்கூடும். எல்லாமே குழம்பிப்போயிருந்தால் 3.24 பதிப்பு முதல் ‘--ஃப்ரெஷ்’ இருக்கிறது. பழைய கேஷை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ‘-டி’யில் பெயரைத் தப்பாக அடித்தாலும் சிமேக் நிற்காது. நீங்கள் கொடுத்த மாறியைத் திட்டம் பயன்படுத்தவில்லை என்று கடைசியில் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

திருவாரூர் மாணவி: ‘-ஜி நிஞ்ஜா’ கொடுத்தால், முன்பு பயன்படுத்திய ஜெனரேட்டரோடு பொருந்தவில்லை என்கிறது.

எந்தக் கட்டும் கருவிக்குக் கோப்புகள் எழுத வேண்டும் என்ற தேர்வுதான் ஜெனரேட்டர்; நிஞ்ஜா அப்படி ஒரு கருவி. ஒரு பில்ட் கோப்புறைக்கு ஒரு ஜெனரேட்டர்தான். நிஞ்ஜாவுக்கு ‘-பி’யில் வேறு பெயர் கொடுத்துவிடுங்கள்.

பட்டுக்கோட்டை மாணவர்: விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோ. பில்ட் டைப்பை ரிலீஸ் என்று கொடுத்தும் டிபக்தான் வருகிறது.

அந்த ஜெனரேட்டர், ரிலீஸ் (வெளியிட), டிபக் (பிழை தேட) என்று எல்லா வகைகளையும் ஒரே கோப்புறையில் வைத்திருக்கும். ஆகவே பில்ட் டைப்பைப் பொருட்படுத்தாது. கட்டும்போது சொல்லுங்கள்: ‘சிமேக் --பில்ட் பில்ட் --கான்ஃபிக் ரிலீஸ்’.

மயிலாடுதுறை மாணவர்: வேகமாக முடியட்டும் என்று ‘--பில்ட்’ கட்டளையில் ‘-ஜே’ சேர்த்தேன். 4 ஜிபி லேப்டாப் அப்படியே உறைந்துவிட்டது. லினக்ஸ், மேக்ஃபைல்.

எண் கொடுக்காமல் விட்டீர்கள் அல்லவா? மேக்ஃபைலை ஓட்டும் ‘மேக்’ கருவிக்கு வெறும் ‘-ஜே’ என்றால் வரம்பே இல்லை. தயாராக இருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் தொகுக்கப் போகும். சி++ டெம்ப்ளேட்டுகள் நிறைந்த ஒரு கோப்புக்கே நினைவகம் தாராளமாக வேண்டும். பத்து, இருபது சேர்ந்தால் 4 ஜிபி எப்படித் தாங்கும்? ‘-ஜே 2’ என்று தொடங்குங்கள். இன்னொரு டெர்மினலில் நினைவகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடம் மிஞ்சினால் 3 கொடுங்கள்.