டியூசன் வகுப்பறையில் காபனீரொட்சைட்டு மானி: காட்டும் எண்ணை நம்பலாமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் ஏசி அறையொன்றில் 40 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வாங்கிய காபனீரொட்சைட்டு மானி வகுப்பு முடிவில் 2,800 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 2,800 பங்கு) காட்டுகிறது. நீர்மூழ்கிகளில் 5,000 கூட இருக்குமாமே, அப்படியென்றால் பயமில்லைதானே?

பதில்: நீர்மூழ்கியை அளவாக வைக்காதீர்கள். அமெரிக்கக் கடற்படைக்கு அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் பரிந்துரைத்த 90 நாள் வரம்பு 8,000 பிபிஎம். அது உடற்தகுதி பார்த்துத் தெரிவான வளர்ந்தவர்களுக்கானது. 2,800 நஞ்சல்ல, ஆனால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று அர்த்தம். ஒரு பிள்ளையின் தடிமன் (சளி) வகுப்பு முழுக்கப் பரவ அது போதும்.

முதலில் மானியைச் சோதியுங்கள். கை கழுவும் சனிட்டைசரை ஒரு துணியில் நனைத்துப் பக்கத்தில் பிடியுங்கள். எண் சட்டென்று ஆயிரக்கணக்கில் ஏறினால் அது காபனீரொட்சைட்டை அளக்கவில்லை, வேறு ஆவிகளைப் பார்த்து ஊகிக்கிறது. செந்நிறக்கீழ்க் கதிரால் அளக்கும் 'என்டிஐஆர்' வகைதான் வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல மானிகள் ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்து, அதையே 400 ஆக்கிக்கொள்ளும். யன்னல் திறக்காத அறையில் இது பிழையாகிவிடும்; உண்மையில் 700 இருந்தாலும் 400 என்றே காட்டும். வெளிக்காற்றே எட்டாத நீர்மூழ்கியில் இந்த முறை சரிவராது. அங்கே அளவு தெரிந்த வாயுச் சிலிண்டரால் கருவியைத் திருத்துவார்கள். நீர்மூழ்கிக்குள் அமுக்கமும் கூடிக் குறையும் என்பதால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். கடல் மட்டத்திலுள்ள மட்டக்களப்பில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் மாதம் ஒருமுறை மானியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். குளிர் அறையிலிருந்து நேரே எடுத்துப் போனால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே வியர்த்து, அளவு குழம்பும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, சூடேறிய பிறகு திறவுங்கள். 20 நிமிடத்தில் 420 முதல் 450க்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அங்கேயே கையால் திருத்துங்கள். அறையில் வைக்கும்போது பிள்ளைகளின் தலை உயரத்தில், யாருடைய மூச்சும் நேரே படாமல், ஏசிக் காற்றுக்கு விலகி வையுங்கள்.

சுவர் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிராக்கித் திருப்பி விடும், புதுக்காற்றைக் கொண்டு வராது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லீற்றர் காபனீரொட்சைட்டு விடுகிறார். 40 பேருக்கு 1,000 பிபிஎம்முக்குள் வைக்க மணிக்குச் சுமார் 1,250 கன மீற்றர் வெளிக்காற்று தேவை. எக்சோஸ்ட் ஃபேன் வாங்கும்போது பெட்டியில் இந்த அளவைப் பாருங்கள். ஃபேனுக்கு எதிர்ச்சுவரில் யன்னலைத் திறந்து வையுங்கள். காற்று நுழைய வழி இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், எண் இறங்காது.