எங்கள் தோட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்த பெண்கள்

கேள்வி: மலேசியாவின் தோட்டப்புற ஊர்களில் சாதாரண ஆட்கள் அநியாயத்தை எதிர்த்துக் கேட்டு ஏதாவது நடந்திருக்கிறதா? ஒய்பி-க்களே (நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே) கண்டுகொள்ளாதபோது நாம் கத்தி என்ன ஆகப்போகிறது?

நடந்திருக்கிறது. என் அம்மா அதில் இருந்தார். நானும் கூடவே இருந்தேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் தோட்டமும் கைமாறிவிட்டது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஊரே சும்மா இருக்கிறது, உங்களுக்கு மட்டும் வயிறு எரிகிறது. தப்பாக யூகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியை வேறு யார் கேட்பார்கள்?

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கேள்வியால் இல்லை. இதே கேள்விக்கு "நம்மாளுங்க எதுக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க, ரத்தத்திலேயே அடிமைத்தனம்" என்று சிலர் பதில் எழுதியிருக்கிறார்களே, அதைப் படித்ததால். ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் சரித்திரமும் படிக்க வேண்டும். 1941-ல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையை, அதாவது வெள்ளைக்கார மேனேஜரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். நான் இருக்கும் கெடா மாநிலத்துப் பீடோங்கிலேயே 1947-ல் தொண்டர் படைக்காரர்கள் கள்ளுக்கடையை எதிர்த்துக் கூடினார்கள். ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி கட்டிய படை அது. போலீஸ் நடவடிக்கையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இந்த ஊர்க் கடைத்தெருவில் இன்றைக்கு ரொட்டி சானாய் சாப்பிடும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். கம்பெனி பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுத மாட்டேன். இங்கே இன்னும் உறவுக்காரர்கள் வேலை செய்கிறார்கள்.

2000-களின் தொடக்கம். தோட்டத்தில் பாதி ரப்பர், பாதி செம்பனை (எண்ணெய்ப் பனை). அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போவார், மழைக்காலத்தில் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குவார். நான் சுங்கை பட்டாணியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தை வீடமைப்பு கம்பெனிக்கு விற்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது. அப்புறம் ஒரு நாள் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டு, தாளை நீட்டினார்கள்.

தாள் மலாயில் இருந்தது. அதன் சாரம் இதுதான்: நான் விருப்பப்பட்டு வேலையை விடுகிறேன், நிர்வாகம் நல்லெண்ணத்தில் தரும் தொகையை முழுத் திருப்தியோடு பெற்றுக்கொள்கிறேன், இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன், வீட்டையும் காலி செய்கிறேன். கையெழுத்துப் போட்டால் உறை கையில். உறைக்குள் ரொக்கம்.

முன்னால் நின்றவர்கள் போட்டுவிட்டார்கள். அவர்களை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். மளிகைக் கடையில் கடன், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டில் நோயாளி என்று இருக்கிறவரிடம் பணத்தைக் காட்டிவிட்டு "யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்று சொல்வதற்கு நாம் யார்?

மூணாவது லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா ஒருவர்தான் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயா, எனக்கு மலாய் படிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு போறேன். படிச்சுச் சொன்ன அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றார். தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான கிராணி, தாளை வெளியே தர முடியாது என்றார். "தாள் தர முடியாதுன்னா கையெழுத்தும் தர முடியாதுங்க" என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. அடுத்து நின்றது என் அம்மா. அவரும் அதையே சொன்னார். அதற்கப்புறம் வந்த பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆண்கள் சிலரும் சேர்ந்தார்கள், ஆனால் ஆரம்பித்தது பெண்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு கோயில் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லாருமே ஆண்கள்.

மேனேஜர் வந்து, இன்றைக்கு வாங்காதவர்களுக்கு நாளைக்கு ஒரு காசும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்கள் பயந்தது உண்மை. அன்று சாயந்திரம் மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசும்போது, பாதிப் பேர் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் சொன்னார்கள்.

அங்கேதான் என் பேக்டரி வேலை உதவியது. 1998 பொருளாதார நெருக்கடியில் எங்கள் பேக்டரியில் ஆட்குறைப்பு நடந்தபோது, இழப்பீடு எப்படிக் கணக்கிடுவது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அது எனக்கு மனப்பாடம். கம்பெனி தானாக ஆளை நிறுத்தினால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 24 வருடம் மரம் வெட்டியவருக்கு 480 நாள் சம்பளம் வர வேண்டும். ஒரு நாள் சம்பளம் என்பதும் அவர்கள் இஷ்டத்துக்குச் சொல்லும் தொகை இல்லை, கடைசி 12 மாதத்தின் சராசரி. அது போக, ஐந்து வருடம் தாண்டியவருக்கு எட்டு வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அதற்குரிய சம்பளம். கோயில் மண்டபத்து விளக்கில் ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். உறைக்குள் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு.

"விருப்பப்பட்டு வேலையை விடுகிறேன்" என்ற வரி எதற்கு இருந்தது என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடு கிடையாது.

ஒய்பி-யிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். அவருடைய சேவை மையத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, பேசிப் பார்க்கிறோம், பொறுமையாக இருங்கள் என்றார்கள். பேசினார்களா என்று எங்களுக்குத் தகவலே வரவில்லை. கட்சிப் பெயரையும் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு அரசியல் சாயம் பூசுவார்கள். 2008 மார்ச் தேர்தலில் கெடாவில் ஆட்சியே மாறியது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்து மனுக்கள் கிடந்த இடத்திலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இது ஒரு கட்சியின் நோய் என்று நான் நம்பவில்லை.

நாங்கள் நேராகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போனோம். அங்கே புகார் கொடுக்கக் காசு தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை. அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அம்மாவை உட்காரவைத்து, நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மாதிரிக் கதையை யாராவது சொன்னால் உடனே இனச் சண்டையாக்கிவிடுகிறார்கள். எங்களை ஏமாற்றப் பார்த்த கிராணி நம் ஆள்தான்.

விசாரணையில் கம்பெனி சொன்னது, பலர் ஆரம்ப வருடங்களில் குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்கள், அந்தக் காலம் கணக்கில் வராது என்று. இங்கே எங்களைக் காப்பாற்றியது பழைய எபிஎப் (ஊழியர் சேமநிதி) தாள்கள். அம்மா அவற்றைப் பிஸ்கட் டின்னில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்த மாதம் எந்த முதலாளி சந்தா கட்டினார் என்பது அதில் இருக்கிறது. குத்தகைக்காரர் காலம் என்று சொன்ன அந்த வருடங்களிலும் கம்பெனியே கட்டியிருந்தது. அதிகாரி தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். கம்பெனி ஆள் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் சட்டப்படி வர வேண்டிய தொகை வந்தது. இன்னொன்றும் நடந்தது: முதல் நாளே கையெழுத்துப் போட்டு உறை வாங்கியவர்களுக்கும் மீதிப் பணம் வந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சட்டம் கொடுப்பதைவிடக் குறைவான நிபந்தனை எந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும் செல்லாது என்கிறது. "முன்னமே கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன பண்றது" என்று உங்கள் தோட்டத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து இதைப் போய்ச் சொல்லுங்கள்.

வீடு கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். 1990-ல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், வேலை செய்கிற காலத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீடு வேலை போன பிறகு யாருக்கு என்று கேட்டால், அதில் உங்களுக்குப் பதில் இல்லை. கோயிலை வேறு இடத்துக்கு மாற்றச் சம்மதித்தார்கள், அதுவும் பல வருட இழுபறிக்குப் பிறகு. அம்மா தன் பணத்தை முன்பணமாகக் கட்டி ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். "இதுதான் வெற்றியா?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். உறையை வாங்கியிருந்தால் அந்த முன்பணமும் இருந்திருக்காது என்பதுதான் என் பதில்.

நிலத்தை விற்பது முதலாளியின் உரிமை என்றும் எழுதுவீர்கள். நானும் மறுக்கவில்லை. விற்கட்டும். உழைத்தவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு விற்கட்டும்.

சம்பந்தம் இல்லை என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசியல்வாதிகளின் அலட்சியம் என்று பேசுகிற நாமே அவர்களை எப்படி வரவேற்கிறோம் என்று பாருங்கள். என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. மாண்புமிகு வருவார் என்று பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். அவர் வரும்போது ஓட்டப் பந்தயம் நடக்க வேண்டிய நேரமே தாண்டிவிட்டது. ஒரு சின்னப் பெண் மயங்கி விழுந்தாள், தூக்கிப்போய்த் தண்ணீர் தெளித்தார்கள். அவர் வந்ததும் மாலை, பொன்னாடை, அரை மணி நேரம் உரை, மானியக் காசோலையோடு படம், அப்புறம் அவர் கிளம்பிவிட்டார். ஒரு போட்டியைக்கூடப் பார்க்கவில்லை. பெற்றோர் சங்கக் கூட்டத்தில், இனிமேல் யார் தாமதமாக வந்தாலும் போட்டியை நேரத்துக்குத் தொடங்குங்கள் என்று எழுந்து சொன்னேன். மானியம் வராமல் போய்விடும் என்று என்னை உட்காரச் சொன்னார்கள். மானியம் அவர் சட்டைப்பையிலிருந்தா வருகிறது? நம் வரிப்பணம். வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு, பெரிய ஆள் வந்தால் நாம் காத்திருக்க வேண்டும் என்றுதான் அன்று முழுக்கச் சொல்லிக்கொடுத்தோம். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது எங்கள் பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள். சிலருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிறார். அது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். நம் ஆட்களில் சிலர் "அவனுங்களாலதான் நமக்கு வேலை போச்சு" என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. குறைந்த கூலிக்கு ஆளைக் கொண்டுவந்தது யார் என்று கேட்க வேண்டும். வந்தவரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை.

உங்களுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது தலைவர் இல்லை. நீட்டுகிற தாளின் நகலைக் கேளுங்கள். தராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள், அதில் பெண்கள் இருக்கட்டும். எபிஎப் கணக்கை இப்போது கைபேசியிலேயே எடுக்கலாம், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். தோட்டம் கைமாறியிருந்தால், புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் அதே வேலையைத் தருவதாக ஏழு நாளுக்குள் சொன்னாரா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் உங்களை வேலையை விட்டு நிறுத்தியதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இழப்பீடு உண்டு. ஒய்பி-க்கும் மனு கொடுங்கள், முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பதிலுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள், ஏனென்றால் புகார் கொடுக்க நாளாக ஆக ஆட்கள் கலைந்து போய்விடுவார்கள்.

எத்தனை வருடம் வேலை, மாதம் எவ்வளவு கைக்கு வந்தது என்று கீழே எழுதுங்கள். வர வேண்டிய தொகையை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். சுங்கை பட்டாணி, குரூண், கூலிம் பக்கம் என்றால் தொழிலாளர் இலாகாவுக்குக் கூடவும் வருகிறேன், என் அம்மாவும் வருவார்.