கூரையில் ஆடவைத்தவர்

கேள்வி: 'சிங்கிங் இன் தி ரெயின்' ஜீன் கெல்லி இயக்கிய படம்தானே? டைட்டிலில் ஸ்டான்லி டோனன் என்றும் வருகிறதே, யார் அவர்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: 1952-ல் இருவரும் சேர்ந்து இயக்கிய படம் அது. மழையில் நனைந்து ஆடிய கெல்லிக்குப் பேர் கிடைத்தது, கேமராவுக்குப் பின்னால் நின்றவரை மறந்துவிட்டோம். டோனன் தென் கரோலினாக்காரர். பதினாறு வயதிலேயே நியூயார்க்கின் நாடக மேடையான பிராட்வேயில் குழு ஆட்டக்காரர். கெல்லியின் பழக்கம் அங்கேதான்.

என் ஓட்டு டோனன் இயக்கிய 'ராயல் வெட்டிங்' (1951) படத்துக்கு. கதை சுமார்தான். ஆனால் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் அறைக்குள் சுவரேறி, கூரையின் உட்புறத்தில் தலைகீழாக ஆடுவார் பாருங்கள்! ஒரு பெரிய உருளைக்குள் அறையையே செட் போட்டார்கள். நாற்காலி, மேஜை எல்லாம் தரையோடு முடுக்கப்பட்டவை. கேமராவும் கேமராமேனும் அறையோடு சேர்ந்து சுழல, அஸ்டேர் எப்போதும் உருளையின் அடிப்பக்கத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்; திரையில் அறை அசையாமல் இருக்க, அவர் கூரைக்கு ஏறியதுபோலத் தெரியும். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலம், ஐயா!

இவ்வளவு செய்த டோனனை, சிறந்த இயக்குநர் ஆஸ்கருக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கவில்லை. அநியாயம்! 1998-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். மனிதர் கோபிக்கவில்லை, சிலையைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு மேடையிலேயே ஆடிக் காட்டினார்.

அடுத்து அவருடைய 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) பாருங்கள். பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிற கதை இன்றைக்கு நெருடும். கொட்டகை கட்டும் ஆட்டத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.