நயேநேஸ்கனிக்கு இன்று யார் பகைவர்?

கேள்வி: அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் தெய்வம், அரக்கர்களை அழித்த நயேநேஸ்கனி. அவரை இக்காலச் சூப்பர்ஹீரோவாக்கிச் சித்திரக்கதை வரைய நானும் என் நண்பர்களும் விரும்புகிறோம். மின்னல் அம்பும் கல் கவசமும் நன்றாகப் பொருந்துகின்றன. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: ஆயுதங்கள் பொருந்துவது உண்மைதான். ஆனால் அவற்றை அவர் எப்படிப் பெற்றார் என்பதிலிருந்து தொடங்குங்கள். நயேநேஸ்கனியும் அவருடைய இரட்டைச் சகோதரரும் தந்தையாகிய சூரியனைத் தேடிச் சென்று, அவர் வைத்த கொடிய சோதனைகளைத் தாண்டிய பிறகே அந்த ஆயுதங்களைப் பெற்றார்கள். அவர்கள் முதலில் கொன்ற யெய்ட்ஸோ என்னும் அரக்கனும் அதே சூரியனின் மகன்தான். அதை அறிந்திருந்தும் முதல் மின்னலைத் தாமே எறிவதாகத் தந்தை சொல்கிறார். இவ்வளவு துயரம் நிறைந்த காட்சியை வெறும் சண்டையாக வரைந்துவிடாதீர்கள். நியூ மெக்ஸிகோவில் டெய்லர் மலையை ஒட்டிக் கிடக்கும் கரிய எரிமலைப் பாறைப் பரப்பை, உறைந்துபோன யெய்ட்ஸோவின் இரத்தம் என்றே அம்மக்கள் சொல்கிறார்கள்.

நான் மிகவும் மதிக்கும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பல அரக்கர்களைக் கொன்ற நயேநேஸ்கனி முதுமை, குளிர், வறுமை, பசி ஆகியோரையும் கொல்லச் சென்று, அவர்கள் சொன்ன நியாயத்தைக் கேட்டு உயிரோடு விட்டுவிட்டார். தான் இல்லாவிட்டால் நிலம் எப்போதும் வெப்பமாகவே இருந்து ஊற்றுகள் வற்றிவிடும் என்றது குளிர். தான் அழிந்தால் உணவின் சுவையே மனிதருக்கு அற்றுப்போகும் என்றது பசி. எதிரி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு அம்பைத் தாழ்த்தும் வீரன் சித்திரக்கதைகளில் அரிது. அந்தப் போர்களின் விளைவாக இரட்டையர் நலிவுற்றதாகவும், அவர்களைக் குணப்படுத்தச் சடங்கு நடத்தப்பட்டதாகவும் மரபு கூறுகிறது. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு நவஹோ மக்கள் செய்யும் சடங்கு இந்தக் கதையோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய பலருக்கும் அது செய்யப்பட்டது.

இன்றைய பகைவன் யார் என்று கேட்டால், விண்வெளியில் தேட வேண்டியதில்லை. 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500க்கும் மேல். போதிய பாதுகாப்பின்றி வேலை செய்தவர்கள் பலர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்ஸிகோவின் சர்ச் ராக்கில் யுரேனிய ஆலையின் கழிவு அணை உடைந்து, சுமார் 35 கோடி லிட்டர் கதிரியக்க நீர் புவெர்கோ ஆற்றில் கலந்தது. நயேநேஸ்கனி அரக்கப் பறவைகளை வென்ற ஷிப்ராக் பாறையின் பெயரைத் தாங்கிய ஊரிலேயே ஒரு யுரேனிய ஆலை இயங்கியது. யுரேனியமாகிய இந்த மஞ்சள் மண்ணை நவஹோ மக்களே ஓர் அரக்கனாகப் பேசியிருக்கிறார்கள். 2005இல் தங்கள் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்துக்குத் தடைச் சட்டமும் இயற்றினார்கள்.

கேள்வி: நவஹோ மக்களின் இந்தக் கதையை வெளியார் வரையலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இவை அம்மக்களின் வழிபாட்டில் உயிரோடு இருக்கும் கதைகள், குளிர்காலத்தில் மட்டுமே சொல்லத்தக்கவை என்ற மரபும் உண்டு. நயேநேஸ்கனியைப் பாத்திரமாக்கிய ஒரு நாவலை எதிர்த்து 2018இல் நவஹோ எழுத்தாளர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஆகவே சடங்குகளின் உள்விவரங்களையும் மணல் ஓவியங்களையும் தொடாதீர்கள். நவஹோ படைப்பாளிகள் எழுதியதை முதலில் படித்து, அவர்களுள் ஒருவரிடமாவது உங்கள் வரைவைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அதே துணிவும் இரக்கமும் கொண்ட வேறொரு வீரனை நீங்களே படைத்துக்கொள்ளுங்கள்.