ஓட்ஸை வெறுமனே ஊறவைத்தால் கலங்கல்தான் மிஞ்சும்

அரை கிலோ ஓட்ஸையும் கிரிஸ்டல் மால்ட்டையும் (முளைகட்டி வறுத்த பார்லி) வெந்நீரில் ஊறவைத்து, பிறகு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்டிலிருந்து எடுத்த செறிவான சாறு) சேர்த்துக் காய்ச்சிய உங்கள் பீர் கஞ்சியைப் போல் கலங்கியிருப்பதற்குக் காரணம், ஓட்ஸின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் அப்படியே இறங்கியிருப்பதாகவே இருக்க வேண்டும். அதை மாற்றும் நொதிகள் அவலாகத் தட்டிய ஓட்ஸிலும் இல்லை, கிரிஸ்டல் மால்ட்டிலும் இல்லை. எக்ஸ்ட்ராக்டில் இருந்தவை பெரும்பாலும் தயாரிப்பின் வெப்பத்திலேயே அழிந்திருக்கும்.

அடுத்த முறை, ஓட்ஸின் எடைக்குச் சமமாக உடைத்த பேல் மால்ட்டை (லேசாக மட்டும் உலர்த்தியதால் அந்த நொதிகள் அழியாத முளைகட்டிய பார்லி) சேர்த்து, மொத்தத் தானியத்தில் கிலோவுக்கு 3 லிட்டர் நீரில், 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். பின்னர் ஒரு தேக்கரண்டி வடிநீரை வெள்ளைத் தட்டில் ஆறவைத்து, ஒரு சொட்டு அயோடின் இடுங்கள். கருநீலம் தோன்றினால் மாவுச்சத்து இன்னும் மிச்சமிருக்கிறது. சோதித்த நீரைப் பானையில் திரும்ப ஊற்றக் கூடாது.

ஓட்ஸின் புரதத்தாலும் ஓரளவு மங்கல் வரும் என்பதால், முழுத் தெளிவை எதிர்பார்க்க வேண்டாம். என்னைக் கேட்டால், ஓட்ஸ் பீருக்கு அதுவே அழகு.