நட் போனால் போகட்டும்: எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடியில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இந்த உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் சைலன்சர் பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். எஞ்சின் புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய்த் தொகுதிதான் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட். அதைக் கழற்றப்போய், போல்ட் முறிந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் அதிகம், முறியுமுன் கேட்கிறவர்கள் குறைவு. இந்த முறை முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நட் மலிவு. நட் பூட்டியிருக்கும் தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட், கொஞ்சம் விலை. ஸ்டட் திருகியிருக்கும் எஞ்சின் ஹெட்டில் கை வைத்தால் வீட்டுச் செலவிலும் கை வைக்க வேண்டிவரும். ஆகவே நட்டைப் பலி கொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். அது முடியாவிட்டால் ஸ்டட்டைக் கொடுத்து ஹெட்டைக் காப்பாற்றுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணன், என் ஹயஸ் வானில் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக் என்று சத்தம். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கழற்றத்தான் வேண்டுமா?

மெனிஃபோல்ட் சூடாகி விரியும்போது இடைவெளி அடைபடுகிறது, அதனால்தான் சத்தம் நிற்கிறது. மெனிஃபோல்ட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கெஸ்கட் தகட்டின் ஓரத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அங்கேதான் புகை கசிகிறது. பழைய ஹயஸில் எஞ்சின் சீட்டுக்குக் கீழேயே இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. கண்ணாடியை மூடிக்கொண்டு ஏசி போட்டு ஓடும்போது அது ஆளைத் தூங்கவைத்துவிடும்.

ஏறாவூரிலிருந்து: எப்போதும் ஓரத்தில் இருக்கும் ஸ்டட் மட்டும் முறிகிறதே, ஏன்?

நல்ல கேள்வி தம்பி. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மெனிஃபோல்ட் 500 பாகை சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது பூட்டியிருக்கும் ஹெட்டைத் தண்ணீர் குளிர்விப்பதால் அது அவ்வளவு நீளாது. நடுவிலிருக்கும் ஸ்டட்டுக்கு இந்த இழுபறி தெரியாது. இரண்டு ஓரத்திலும் இருப்பவைதான் ஒவ்வொரு ஓட்டத்திலும் பக்கவாட்டில் இழுபட்டு, குளிரும்போது திரும்பி வருகின்றன. வருடக்கணக்கில் இப்படி ஆடிய கம்பி உங்கள் ஸ்பானருக்காகத்தான் காத்திருக்கிறது. கழற்றும்போது ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும், பூட்டும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: மண்ணெண்ணெய் ஊற்றினால் போதுமா? எந்த எண்ணெய் நல்லது?

எண்ணெயை விட நேரம்தான் முக்கியம். துரு இளக்கும் ஸ்ப்ரே என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. இந்த வேலைக்கும் உதவும், ஆனால் மெதுவாக. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துக்கொள்ளலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், கிட்டத்தில் பீடி கூடாது.

நான் செய்வது இப்படி. முதலில் கம்பி பிரஷால் ஸ்டட்டின் வெளியே நீட்டியிருக்கும் மரைகளைத் தேய்த்துச் சுத்தமாக்குவேன். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நட் அந்தத் துருப்பிடித்த மரைகள் வழியாகத்தானே வெளியே வர வேண்டும்? அப்புறம் எண்ணெய் அடித்து, நட்டின் தலையிலும் பக்கத்திலும் சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டுத் தட்டுவேன். துரு வெடித்து எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். அன்று பின்னேரம் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை, பின்னேரம் இன்னொருமுறை. மூன்றாம் நாள்தான் ஸ்பானர். இடையில் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் மறுபடி அடித்தால் இன்னும் நன்றாக ஊறும். கொதிக்கும் மெனிஃபோல்ட்டில் மட்டும் அடிக்காதீர்கள், தீப்பிடித்துவிடும்.

காத்தான்குடியிலிருந்து: நீளமான பைப் போட்டு இழுத்தால் கழன்றுவிடும் என்கிறார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

நானா, இதை எழுத்தில் சொல்வது கஷ்டம், கைதான் சொல்லும். இருந்தாலும் முயற்சி செய்கிறேன். ஆறு முனை சொக்கட் மட்டும் போடுங்கள். பன்னிரண்டு முனை சொக்கட் துருப்பிடித்த நட்டின் மூலையைச் சீவிவிடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு, அப்புறம் கழற்றும் பக்கம். ‘டக்’ என்று சத்தம் வந்து சட்டென்று விட்டால் நல்ல சகுனம், துரு உடைந்துவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி மெதுவாக வளைந்து கொடுக்கிறதா? அது நட் கழல்வதல்ல, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் கால் சுற்று இழுத்தால் முறியும்.

கழல ஆரம்பித்த பிறகும் அவசரம் வேண்டாம். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய். கிரீச் என்று கத்தினால் திரும்ப உள்ளே விட்டு எண்ணெய் அடியுங்கள். ஒரு பெரும்போக அறுவடை நேரம் நெல் ஏற்ற வேண்டிய லொறி ஒன்று என்னிடம் வந்தது. சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் பைப்பைப் போட்டு இழுத்தேன். பின்னேரம் நாலு மணிக்கு முறிந்த ஸ்டட்டை இரவு பதினொரு மணிக்குத்தான் வெளியே எடுத்தேன். அவரைக் குறை சொல்லி என்ன, இழுத்தது என் கை.

கல்முனையிலிருந்து: காஸ் வெல்டிங்கால் சூடாக்கலாமா? ஹெட் உருகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம்தான். ஒரு காந்தத்தை ஹெட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். தூய அலுமினியமே 660 பாகையில் உருகும், ஹெட் செய்யும் கலவை அதற்கும் முன்பே உருகும், இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், தொப்பென்று விழும். ஆகவே சுடரை ஹெட் பக்கம் திருப்பாமல் நட்டின் மேல் மட்டும் பிடிக்க வேண்டும். நட் விரிய வேண்டும், உள்ளேயிருக்கும் ஸ்டட் அவ்வளவு சூடாகக் கூடாது. அதனால் சின்ன முனை, வேகமான சூடு. கொஞ்சம் ஆறியதும் மெழுகுதிரியை மரையில் தொடுங்கள், மெழுகு உருகி உள்ளே இழுபடும். பிறகு ஸ்பானர் போடுங்கள்.

டீசல் பைப், வயர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். ஊறவைத்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பிரேக் கிளீனரால் கழுவிவிட்டுச் சுடர் பிடிக்கவே கூடாது, குளோரின் கலந்த வகைகள் சூட்டில் நச்சுப் புகை விடும்.

செங்கலடியிலிருந்து: மூலை தேய்ந்துபோன நட், எந்தச் சொக்கட்டும் பிடிக்கவில்லை.

உளியாலோ சின்ன கிரைண்டராலோ நட்டின் ஒரு பக்கத்தை மரை தெரியுமுன் வரை வெட்டி, உளியை வைத்து ஒரு அடி. பிளந்துவிடும். இதைத்தான் பலி கொடுங்கள் என்றேன்.

அக்கரைப்பற்றிலிருந்து: எனக்கு ஏற்கனவே முறிந்துவிட்டது, ஹெட்டின் மட்டத்துக்கே. ஈஸி-அவுட் போடவா?

போடாதீர்கள் தம்பி. ஈஸி-அவுட் என்பது முறிந்த போல்ட்டில் ஓட்டை போட்டு, உள்ளே செருகித் திருகி எடுக்கும் கம்பி. போல்ட்டையே முறித்த துருவை அந்த மெல்லிய ஈஸி-அவுட் அசைக்குமா? அது உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதன் மேல் ஏறவே ஏறாது, அவ்வளவு கடினமான உருக்கு.

முதலில் வெல்டிங். ஒரு வாசரை முறிந்த இடத்துக்கு மேல் வைத்து நடு ஓட்டை வழியாக ஸ்டட்டோடு வெல்ட் செய்து, அதன் மேல் ஒரு நட்டை வெல்ட் செய்யுங்கள். பற்றரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். அந்தச் சூடே துருவை உடைத்துவிடும். நட் சிவப்பு மறைந்து ஆறியதும் முன்னும் பின்னும் அசையுங்கள். முதல் முறை வெல்ட் விட்டுப் போகலாம், மூன்று நான்கு முறை முயன்று எடுத்த ஸ்டட்டுகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

அதுவும் சரிவராவிட்டால்தான் ட்ரில். சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்குங்கள். எம்8 ஒன்று தசம் இருபத்தைந்து மரைக்கு (எட்டு மில்லிமீட்டர் தடிப்பு, மரை இடைவெளி 1.25) 6.8 மில்லிமீட்டர் பிட்டுக்கு மேல் போகாதீர்கள். ஜப்பான் வண்டிகளில் அதிகம் வரும் எம்10 ஒன்று தசம் இருபத்தைந்துக்கு 8.8. இடது பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால், துளைக்கும்போதே ஸ்டட் கழன்று வர வாய்ப்பு உண்டு. ஓட்டை கோணலாகிவிட்டால் ஹெலிகோயில் என்ற கம்பிச் சுருள் மரை போடலாம், ஆனால் அதை லேத் வேலை தெரிந்த பாஸிடம் கொடுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து: மசி ட்ரக்டர். கழற்றியாகிவிட்டது. திரும்பப் பூட்டும்போது கிரீஸ் தடவலாமா?

சாதாரண கிரீஸ் வேண்டாம். சூட்டில் எரிந்து கரியாகி மரையை இன்னும் இறுக்கிவிடும். செம்பு அல்லது நிக்கல் கலந்த அன்டி-சீஸ் (சூட்டில் மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தடவும் பசை) வாங்கி மெல்லியதாகத் தடவுங்கள், வழியும் அளவுக்கு வேண்டாம். அதற்கு முன் ஹெட்டிலுள்ள மரைகளைச் சுத்தப்படுத்துங்கள். மரை வெட்டும் கருவியான டெப்பைக் கண்டபடி ஓட்டினால் நல்ல மரையும் சீவப்படும், கையால் மெதுவாக விடுங்கள். பிறகு காற்று அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

மெனிஃபோல்ட்டின் முகத்தில் நேரான இரும்புக் கோல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து மட்டமாக்குங்கள். வளைந்ததை போல்ட்டால் இழுத்து நேராக்க நினைத்தால் அடுத்த மாதம் ஓர ஸ்டட் முறியும். கெஸ்கட் புதியது போடுங்கள், சிலிக்கன் பூச வேண்டாம்.

எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும் அளவு (டோர்க்) உங்கள் எஞ்சின் புத்தகத்தில் இருப்பதுதான். அது உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவு என்றால், அன்டி-சீஸ் தடவியபோது நாலில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் மரையில் அதே டோர்க் கொடுத்தால் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

பொத்துவிலிலிருந்து: கடற்கரை ஊர். ஸ்டெயின்லெஸ் நட் போல்ட் போட்டால் துருப்பிரச்சினையே முடிந்ததுதானே?

துருப்பிடிக்காது, ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் சூட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சாதாரண உருக்கை விட அதிகமாக விரிவதால் இளகவும் செய்யும். கம்பனி ஸ்டட்டும் செம்பு பூசிய நட்டும் போடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து: தம்பியின் ஆட்டோவைக் கொடுத்து வேலை முடிந்துவிட்டது. சரியாகச் செய்திருக்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும், அண்ணா?

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் சேரும் இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள், தங்கச்சி. நுரை பொங்கினால் கசிகிறது, திரும்பக் கொண்டுபோங்கள். சூடேறிய பிறகு இதைச் செய்ய வேண்டாம். பழைய கெஸ்கட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாற்றியிருந்தால் கொடுப்பார்கள்.