கேள்வி-பதில்: ‘சுகர் அரிசி’ வாங்கலாமா?

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாம் என்று வாசலுக்கு வந்தவர் சொன்ன ‘சுகர் அரிசி’யை கிலோ 160 ரூபாய்க்கு அம்மா பத்து கிலோ வாங்கிவிட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 260 காட்டுகிறது. – வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மாவை ஏமாற்றியிருக்கிறார்கள். தாயாரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவர் பயத்தைக் காசாக்கியவன் மேல்தான் தப்பு. எந்த அரிசியிலும் நூறு கிராமில் முக்கால் பங்கு மாவுச்சத்து. அது குளுக்கோஸாகத்தான் மாறும். தவிடு போகாத அரிசியும் புழுங்கலும் கொஞ்சம் நிதானமாக ஏற்றும், தீட்டிய பச்சரிசி சட்டென்று ஏற்றும், அவ்வளவுதான். சாதத்தைப் பாதியாக்கி, கீரையும் பருப்பும் கூட்டிப் போடுங்கள். பையில் விலாசம் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: காபிக்கு நாட்டுச் சர்க்கரை போடலாமா? – கும்பகோணம்

பதில்: அதுவும் சர்க்கரைதான்.

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட சத்துமாவை நம்பலாமா? – பாபநாசம்

பதில்: அந்தக் கொட்டை எழுத்தை நம்பி நானும் அப்பாவுக்கு 480 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினேன். ஒரு மாதம் இரண்டு வேளையும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அளவு ஏறிக்கொண்டே போன பிறகுதான் பின்பக்கம் படித்தேன். சேர்மானத்தில் இரண்டாவது பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி. எடை அதிகமானதுதான் பட்டியலில் முன்னால் வரும். இது அவ்வளவாக இனிக்காது, ‘சர்க்கரை’ வரியிலும் பெரும்பாலும் சேராது. ஆனால் குளுக்கோஸ் போலவே விறுவிறுவென ஏறும். ஆகவே ‘கார்போஹைட்ரேட்’ வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு 75 என்றால், நாலு ஸ்பூனில் மூணு ஸ்பூன் மாவுச்சத்து. இந்த மாவை வாங்குகிறவர்களில் பலர் கண் மங்கிய பெரியவர்கள். அவர்களுக்கு வேண்டிய வரியைக் கடுகளவு எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: சர்க்கரையை அடியோடு போக்கும் பொடி என்று விளம்பரம் பார்த்து 6,000 ரூபாய் கட்டினேன். மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். பில் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – திருவாரூர்

பதில்: பணம் கிடக்கட்டும், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீர்கள்? நீரிழிவைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பில் கேட்காமல் 6,000 ரூபாயை நீட்டியது உங்கள் பிழை. பணம் அனுப்பிய பதிவு போனில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். புகாருக்கு அதுதான் பிடி.

கேள்வி: கெடு முடிந்த குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் பாதி விலைக்குத் தருகிறார்கள். – மயிலாடுதுறை

பதில்: வாங்காதீர்கள். அளவைத் தப்பாகக் காட்டலாம்.